அப்பாவு கூட்டிப் பார்த்த பிராசசர்

நான் தாளில் எழுதிக் கொடுத்தது ஐயாயிரத்து முந்நூறு, கடைசியில் ஒரு ஜி. கொட்டை எழுத்தில் எழுதி, அந்த ஜி-யைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஐயாயிரத்து ஐந்நூறு. ஜி இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இதைச் சொன்னால், ஒரு நம்பர்தானே, விடுங்கள் என்கிறார்கள். விட முடியாது. ஏன் முடியாது என்று சொல்கிறேன்.

எங்கள் சங்கம் மரண சகாயச் சங்கம். செமோர் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் எஸ்டேட்டை விற்று, லயத்து வீடுகளை இடித்து, ஜனங்கள் புந்தோங், பத்து காஜா, செமோர் டவுன் என்று ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தபோது ஆரம்பித்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம், நாற்காலி, வேன், தூக்குவதற்கு ஆள் எல்லாம் நாங்கள் அனுப்பிவிடுவோம். மொத்தம் நூற்று அறுபத்திரண்டு குடும்பம். யார் எந்த வட்டாரம், யாரிடம் கூடாரம் இருக்கிறது, இந்த வாரம் எந்த வேன்காரர் என்பதெல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலாக இருக்கிறது. பதினோரு வருடமாக நான்தான் செயலாளர். என் பெயர் மங்களம்.

கம்ப்யூட்டர் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாகவே முனகிக்கொண்டுதான் இருந்தது. புது விண்டோஸ் இதில் ஏறாது, பிராசசர் பழையது என்று திரையில் எழுத்து வந்து வந்து போகும். பிராசசர் என்றால் உள்ளே உட்கார்ந்து எல்லா வேலையையும் செய்கிற சில்லு. நானும் பார்ப்போம், பார்ப்போம் என்று தள்ளிப் போட்டேன். அது என் தப்பு.

போன மாதம் பத்து காஜாவில் அர்ச்சுனன் அண்ணன் தவறிப் போனார். காலை ஒன்பது மணிக்கு அவர் மனைவி பாப்பா அக்கா எனக்குப் போன் செய்தார். கம்ப்யூட்டரைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் சுற்றியது. பட்டியல் திறக்க நாற்பது நிமிடம். அதற்குள் அந்த வாரத்து வேன்காரர் வேறு சவாரிக்குப் போய்விட்டார். வேன் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். பாப்பா அக்கா அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதற்கு அடுத்த கூட்டத்தில் தலைவர் சுகுமாரன் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் இப்படி ஆரம்பித்தால், தப்பாக எடுத்துக்கொள்கிற மாதிரிதான் எதையாவது சொல்வார்.

"நீங்களும் பாட்டியாயிட்டீங்க. பேரப் புள்ளைங்களோட நிம்மதியா இருங்க. நம்ம கோகிலன் இருக்கான்லா, புது லேப்டாப் வச்சிருக்கான். லிஸ்ட்ட அவன்கிட்ட குடுத்துருங்க. செயலாளர் வேலையும் அவனே பாத்துக்குவான்."

கோகிலன் அவருடைய அக்கா மகன்.

"கம்ப்யூட்டர்தான் பழசு தம்பி. நான் பழசில்ல," என்றேன்.

"ரெண்டும் ஒரே கடையில வாங்குன மாதிரிதான் இருக்கு," என்றான் கோகிலன். நாலைந்து பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் அப்பாவுவும் அதில் ஒருவர்.

நான் எழுந்து நின்றேன். "அடுத்த கூட்டம் மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழம. அதுக்குள்ள என் மெஷின நானே சரி பண்றேன். பண்ணலன்னா செயலாளர் சாவி, நோட்டு, லிஸ்ட்டு எல்லாத்தையும் கோகிலன் கையில குடுத்துட்டு நான் வீட்டுல உக்காந்துக்கிறேன். போதுமா?"

"போதும்கா," என்றார் சுகுமாரன். அவருக்கு வாயெல்லாம் பல்.

நான் எஸ்டேட் ஸ்டோரில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவள். ரப்பர் பால் உறையவைத்து உருளையில் விடுகிற மெஷின்களுக்கு உதிரிச் சாமான் எழுதி அனுப்புகிற வேலை. பேரிங் நம்பரில் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டால், மூடி போட்ட பேரிங்குக்குப் பதிலாக மூடி இல்லாதது வந்துவிடும். உள்ளே பால் தெறித்து ஒரே வாரத்தில் இறுகிப் போகும். பேக்டரி நிற்கும். துரையிடம் ஏச்சு வாங்குவது நான். அதனால் நம்பரைவிட நம்பருக்குப் பின்னால் வருகிற எழுத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இரண்டு வாரம் உட்கார்ந்து தேடினேன். வீடியோவில் பேசுகிற பையன்கள் எல்லாரும் பெரியதை வாங்கு, அதைவிடப் பெரியதை வாங்கு என்கிறார்கள். அவர்கள் விளையாடுகிறார்கள். நான் செய்வது பட்டியல், கடிதம், வாட்சப், பிரிண்டர், பேத்தியோடு முகம் பார்த்துப் பேசுவது, கொஞ்சம் சமையல் வீடியோ. இதற்குப் புதுக் கம்ப்யூட்டரே தேவையில்லை. என் போர்டு, அதாவது சில்லு உட்காருகிற பலகை, இன்னும் இரண்டு தலைமுறை புது சில்லைத் தாங்கும். அதற்கு முன்னால் போர்டுக்குள் இருக்கிற மென்பொருளை மட்டும் புதுசாக்க வேண்டும். பழைய சில்லைக் கழற்றிப் புதியதை வைத்தால் வேலை முடிந்தது.

அப்படித்தான் ஐயாயிரத்து முந்நூறு ஜி-க்கு வந்தேன். இருப்பதில் சின்னது, என் வேலைக்கு அதுவே மிச்சம். புது விண்டோஸும் ஏறும். ஜி என்றால், திரைக்குப் போகிற படத்தையும் அந்தச் சில்லே போட்டுவிடும். ஜி இல்லாததை வாங்கினால் படத்துக்குத் தனியாக ஒரு கார்டு சொருக வேண்டும். என் கம்ப்யூட்டர் பெட்டியில் கார்டு கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. புரிந்த பிறகு மறக்கவில்லை.

தர்மேந்திரன் கம்ப்யூட்டர் கடை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிறது. பெட்டியைக் கொண்டுபோய் வைத்துத் தாளைக் கொடுத்தேன்.

"அக்கா, இது கம்பெனி ஆபீஸ் மெஷினுக்கு வர்ற சாமான். கடையில இருக்காது. பினாங்குல சொல்லித்தான் எடுக்கணும்," என்றான். "இங்க இருக்கிறதிலயே நல்லதா பெருசா ஒண்ணு போட்டுத் தரேனே."

"பெருசு எனக்கு எதுக்குப்பா? நான் என்ன ராக்கெட்டா விடப் போறேன்? எழுதியிருக்கிறத எடு. வட்டம் போட்டிருக்கேன் பாத்தியா? அந்த எழுத்து இல்லாம வந்தா எனக்கு வேணாம்."

"சரிக்கா. வெள்ளிக்கெழம ரெடியாயிரும்."

அந்த வெள்ளிக்கிழமை அர்ச்சுனன் அண்ணனின் முப்பதாம் நாள் காரியம். நான் காலையிலேயே பத்து காஜாவுக்குப் போய்விட்டேன். பெட்டியை எடுத்து வரும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனேன். எடுத்து வருவது ஒன்றுதான் அவர் வேலை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். எங்கள் புந்தோங்கில் யார் கார் நம்பர் எடுத்தாலும், போன் நம்பர் எடுத்தாலும், நம்பரை எல்லாம் கூட்டிச் சொல்ல அவரிடம் வருவார்கள். எட்டு வரக் கூடாது. எட்டு சனி. எங்கள் வீட்டு நம்பர் இருபத்தாறு, கூட்டினால் எட்டு. அதற்காக பெயிண்ட் வாங்கிவந்து கேட்டில் இருபத்தாறுக்குப் பக்கத்தில் ஒரு ஏ எழுதிவிட்டார். ஏ-க்கு ஒன்று, ஆக மொத்தம் ஒன்பது, இப்போது வீடு நல்ல வீடாம். போஸ்ட்மேன் இன்னும் இருபத்தாறைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் வந்து கம்ப்யூட்டரை மாட்டினேன். விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. கேபிளை மாற்றினேன். டிவியில் சொருகிப் பார்த்தேன். கறுப்பு. மேசைக்குக் கீழே தர்மேந்திரன் கொடுத்த பையில் காலி அட்டைப் பெட்டி இருந்தது. எடுத்துப் படித்தேன். ஐயாயிரத்து ஐந்நூறு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் ஜி இல்லை.

அவர் டிவி முன்னால் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இது என்ன?"

"பிராசசர்லா. நல்ல நம்பரா பாத்து மாத்திட்டேன்."

"என்னது மாத்திட்டீங்களா?"

"நீ எழுதுனது அஞ்சும் மூணும் எட்டு. நானும் பேசாம எடுத்துட்டு வந்துரலாம்னுதான் பாத்தேன், மனசு கேக்கல. சாவுக் காரியம் பாக்குற மெஷின்ல சனியக் கொண்டுபோயி வைப்பாங்களா யாராச்சும்? அங்க அலமாரியில அஞ்சும் அஞ்சும் இருந்துச்சு. பத்து, ஒண்ணு. சூரியன். உன் பழசு ரெண்டாயிரத்து எரநூறு, ரெண்டும் ரெண்டும் நாலு, ராகு. அதான் அர்ச்சுனன் சாவுக்கு முறுக்கிக்கிட்டுச்சு."

இந்த மனிதருக்கு எதிலிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

"கேட்டுல ஏ போட்டீங்களே, அதுக்கு ஒண்ணுன்னு கூட்டுனீங்க இல்ல?"

"ஆமா."

"ஜி-க்கு எத்தன?"

விரலை மடக்கினார். "மூணு."

"எட்டும் மூணும்?"

"பதினொண்ணு," என்றார். கடலையைக் கீழே வைத்தார்.

"வீட்டுக்கு எழுத்தக் கூட்டத் தெரியுது. நான் வட்டம் போட்டு வச்ச எழுத்து மட்டும் உங்க கண்ணுல படல. உங்க கணக்கையாவது ஒழுங்கா போட்டீங்களா? அதுவும் இல்ல."

"எனக்கு எப்படிம்மா தெரியும், அது பாட்டுக்குக் கடைசியில ஒட்டிக்கிட்டு இருக்கு."

"தெரியலன்னா கேக்கணும். எனக்குப் போன் இருக்குலா? நாளான்னைக்குக் கூட்டம். திரையில ஒரு எழுத்து வரல. கோகிலன் சாவி வாங்க வர்றான். போயி அவனுக்கு டீ கலக்கி வைங்க."

அன்றைக்கு நான் அவரோடு அதற்குமேல் பேசவில்லை. பேசினால் கேட்டில் இருக்கிற ஏ-யைச் சுரண்டிவிடுவேன் என்று இருந்தது.

சனிக்கிழமை கடை திறந்ததும் போய் நின்றேன். பெட்டியை அவர்தான் தூக்கி வந்தார்.

தர்மேந்திரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "என்னக்கா, ஓடலியா?"

"படம் வரலப்பா. எப்படி வரும்? போட்டுப் பாத்தியா நீ?"

"பாத்தேன்கா. கடைக் கார்டு சொருகிப் பாத்தேன், நல்லா வந்துச்சு. வீட்டுல கார்டு இருக்கும்னு நெனச்சேன்."

"ஜி கேட்டது எதுக்குன்னு நெனச்ச? அழகுக்கா? சரி, பழசக் குடு. அதயே மாட்டிக்கிட்டுப் போறேன்."

பழையதை அவர் கடைக்காரனிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கே அது வேறு யாருடைய மெஷினுக்கோ போய்விட்டதாம்.

"ஒரு கார்டு போட்டுட்டா முடிஞ்சிருச்சுக்கா," என்று அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தான். "எழுநூத்துப் பத்து. சின்னக் கார்டுதான், உங்க வேலைக்குப் போதும்."

என் வீட்டுக்காரர் உதட்டை அசைத்தார். ஏழு, ஒன்று. அவர் கண் பெரிதானது. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"முன்னால ஜி டி-ன்னு இருக்கு," என்றார் அவசரமாக. "மூணும் நாலும் ஏழு. எல்லாம் சேந்து பதினஞ்சு. ஆறு. நல்ல நம்பர்தான்."

"சீனவங்க எல்லாம் எட்டுன்னா தேடி வந்து வாங்குறாங்க அண்ணே," என்று தர்மேந்திரன் சிரித்தான்.

"சிரிக்காத," என்றேன். "எனக்குக் கார்டு வேணாம். நான் கேட்டது வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சுக்கா."

"எங்க?"

"அது வந்து, வேற கஸ்டமருக்கு..."

அந்த நேரம் ஒரு பையன் கீபோர்டு வாங்க வந்தான். தர்மேந்திரன் பில் அடித்தான். தட்டினான், பில் வந்துவிட்டது. போன வாரம் எனக்கு ஆர்டர் ரசீது அடிக்க அந்தக் கடைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் காலண்டரில் மூன்று மாதம் புரட்டிப் பார்த்திருந்தேன். பையன் போனதும் நான் கவுண்டருக்கு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. மவுஸைப் பிடித்து, மெஷினின் விவரம் எழுதியிருக்கிற பக்கத்தைத் திறந்தேன். ஐயாயிரத்து முந்நூறு. கடைசியில் ஜி.

"இங்க வந்து படிங்க," என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"அண்ணன் வேணாம்னு சொன்னாருக்கா," என்றான் தர்மேந்திரன். "சும்மா கெடந்துச்சு. என் மெஷினும் ஸ்லோவா இருந்துச்சு."

"ஆர்டர் குடுத்தது யாரு?"

"நீங்க."

"எழுதிக் குடுத்தது?"

"நீங்கதான்கா. அண்ணனே வந்து மாத்தச் சொன்னா வீட்டுல பேசிட்டுத்தான் வந்திருப்பாருன்னு நெனச்சேன்."

"சரி. அண்ணன் எழுதிக் குடுத்துட்டுப் போயி, நான் வந்து அது வேணாம், வேற போடுன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பியா?"

அவன் கார்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பையன். அதை மட்டும் சொல்லத்தான் வேண்டும்.

"போட்டிருக்க மாட்டேன்கா."

"என்ன பண்ணியிருப்ப?"

"அண்ணனுக்கு ஒரு போன் அடிச்சுக் கேட்டிருப்பேன்."

"அந்தப் போன் எனக்கு ஏன் வரல?"

அவன் கார்டை அலமாரியிலேயே திருப்பி வைத்தான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து, தான் தூக்கி வந்த பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் தெறந்து வை," என்றேன். "என்னோடத என்கிட்ட குடு. இந்தச் சூரியன உன் மெஷின்ல போட்டுக்க. கார்டும் உன்கிட்டயே இருக்கு, சொருகிக்க."

"இப்பவாக்கா? சனிக்கெழம, கூட்டம் வர்ற நேரம்."

"சாவு விழுந்த வீட்டுக்காரங்க நல்ல நேரம் பாத்தா போன் பண்றாங்க? தெற."

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவன் காற்றாடியைக் கழற்றினான், சில்லைத் தூக்கினான், பழைய பசையைத் துடைத்தான். நான் கையை நீட்டினேன். ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும், அடியில் எறும்புக் கால் மாதிரி ஊசிகள். முதுகில் நம்பர் எழுதியிருந்தது. எழுத்தைப் பார்த்தேன். பிறகுதான் என் பெட்டியில் வைக்க விட்டேன். புதுப் பசை தடவி, காற்றாடியை மாட்டி, பட்டனை அழுத்தினான். திரை வந்தது. இரண்டு மெஷின் வேலையையும் அவன் முடித்துக் கொடுத்தபோது மதியச் சோற்று நேரம் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கினார்.

ஞாயிறு காலை காப்பி ஆறுவதற்குள் பட்டியலைத் திறந்து, நூற்று அறுபத்திரண்டு குடும்பத்துக்கும் கூட்டத்துக்கு வரும்படி செய்தி அனுப்பி, வட்டாரம் வட்டாரமாகப் பிரிண்டும் எடுத்துவிட்டேன். மண்டபத்தில் எல்லார் கையிலும் ஒரு தாள் இருந்தது. பாப்பா அக்காவும் வெள்ளைச் சேலையில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

சுகுமாரன் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். குறை எதுவும் கிடைக்கவில்லை. கோகிலன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அதைத் திறக்காமலே இருந்தான்.

"சரி, மங்களம் அக்காவே செயலாளரா இருக்கட்டும்," என்றார் சுகுமாரன். "இதுக்கெல்லாம் நம்ம அப்பாவு அண்ணனுக்குத்தான் நன்றி சொல்லணும். இந்த வயசுல கம்ப்யூட்டர தூக்கிக்கிட்டு ரெண்டு தடவ கடைக்கு அலைஞ்சு, சாமான் வாங்கிச் சரிபண்ணிக் குடுத்திருக்காரு. ஒரு கை தட்டுங்க."

கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் பாதி எழுந்தார், கையெடுத்துக் கும்பிட்டார், என்னைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். இல்லை, நான் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தக் கைதட்டல் முடிகிறவரைக்கும் நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் முடிவதற்கு முன்னால் அன்றைய குறிப்பைச் செயலாளர் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். நான் எழுந்து வாசித்தேன்.

"ஐந்தாவது விஷயம். செயலாளர் மாற்றம் இல்லை. திரு. அப்பாவுவுக்குத் தலைவர் நன்றி தெரிவித்தார். செயலாளர் அதைத் திருத்தினார். பிராசசரைத் தேர்ந்தெடுத்தவர் செயலாளர். திரு. அப்பாவு தேர்ந்தெடுத்த பிராசசர் தர்மேந்திரன் கடைக் கவுண்டரில் இருக்கிறது."

யாரும் சிரிக்கவில்லை. சுகுமாரன் பேனா மூடியைத் தேடினார். என் வீட்டுக்காரருடைய காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"அக்கா, இதெல்லாம் மினிட்ல வேணுமா?" என்றார் சுகுமாரன்.

நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து பாப்பா அக்கா கையைத் தூக்கினார்.

"இன்னொரு தடவ படி மங்களம். இங்க பின்னால சரியா கேக்கல."

படித்தேன்.